இது சத்தம் போடுமா?

சின்னவளுக்கு உலகத்துப் பொருள்களெல்லாம் இரண்டே ரகம். சத்தம் போடுபவை, சத்தம் போடாதவை. எது எந்த ரகம் என்று பிரித்துச் சொன்னவள் அக்கா. பிறந்ததிலிருந்தே காது கேட்காத பிள்ளைக்கு வேறு யார் சொல்வார்கள்? சின்னவள் ஒரு பொருளைக் காட்டுவாள், உள்ளங்கையை விரித்துக் காதருகே வைப்பாள், புருவத்தை உயர்த்துவாள். 'இது சத்தம் போடுமா?' என்று அர்த்தம். அக்கா தலையை ஆட்டுவாள், இல்லாவிட்டால் உதட்டைப் பிதுக்குவாள். தீர்ப்பு அவ்வளவுதான், அப்பீல் கிடையாது.

கடிகாரம் போடும். எறும்பு போடாது. தண்ணீர் போடும், ஆனால் டம்ளரில் சும்மா இருந்தால் போடாது. இந்தத் தண்ணீர் சமாச்சாரம் சின்னவளுக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. ஒன்று பேச வேண்டும், இல்லை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அதென்ன நேரத்துக்கு ஒரு குணம்? எல்லாவற்றுக்கும் மேலாக, சூரியன் சத்தம் போடாது என்று அக்கா சொன்னபோது அவள் நம்பவே இல்லை. அவ்வளவு பெரிய வெளிச்சம், கதவைத் திறந்ததும் தள்ளிக்கொண்டு உள்ளே வருவது, ஒரு சின்னச் சத்தம்கூடப் போடாமலா வரும்? அக்கா ஏமாற்றுகிறாள் என்று நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அக்காவே அப்போது சின்னப் பிள்ளைதான். சூரியனுக்காகத் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ண வேண்டியதாயிற்று.

அந்த வீட்டில் ஒருவரைக் கூப்பிடுவது என்றால் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவது. அவசரம் என்றால் தரையை உதைப்பது. கோபம் என்றால் துண்டைச் சுருட்டி எறிவது. அம்மாவுக்கு ஒரு நாளும் குறி தப்பியதில்லை. பள்ளிக்கூடத்தில் சின்னவள் காதுக்குப் பின்னால் ஒரு மிஷின் மாட்டிக்கொண்டு போனாள். இடி விழுந்தால் அதில் ஏதோ லேசாக அதிரும், பேச்சு ஒன்றும் வராது. உதட்டைப் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டாள். பேசவும் கற்றுக்கொண்டாள். அவள் பேச்சு புதிதாகக் கேட்பவர்களுக்குப் புரியாது. பழகியவர்களுக்கு நன்றாகவே புரியும், சில சமயம் தேவைக்கு மேலேயே புரியும், ஏனென்றால் அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பெரியவளானதும் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மாஸ்டருக்குப் பெரிய மீசை, மேல் உதட்டை மொத்தமாக மூடியிருக்கும். அவர் சொல்வது அவளுக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு நேரே போய், "மாஸ்டர், வாயைக் காணோம்" என்றாள். மறுநாள் மனிதர் மீசையைக் கத்தரித்துக்கொண்டு வந்து நின்றார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வளர்த்த மீசை. வீட்டில் அதற்கு என்ன காரணம் சொன்னார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பின்பக்கத்தில் ரொட்டி ஆறவைக்கும் அறை அவள் பொறுப்பு. மேலே தோல் மொறுமொறுவென்று சிவந்த நீள ரொட்டிகள் அடுப்பிலிருந்து தட்டுத்தட்டாக வரும். ஆளுயரக் கம்பி அலமாரியில் அவற்றை இடைவெளி விட்டு அடுக்கி, ஆறிய பிறகு கடைக்கு அனுப்ப வேண்டும். சேர்ந்த புதிதில், பழக்க தோஷம், ஒரு ரொட்டியைக் காட்டி மாஸ்டரிடம் கேட்டாள். உள்ளங்கை காதருகே, புருவம் மேலே.

மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ரொட்டி எங்கம்மா சத்தம் போடும்? சாப்பிடுறவன்தான் போடுவான்."

ஆகவே ரொட்டி, எறும்பு, சூரியன் மூன்றும் ஒரே பக்கத்தில் சேர்ந்தன. அவள் அதைப் பற்றி மறுபடி யோசிக்கவில்லை.

ஒரு நாள் பேக்கரிச் சந்தில் ஒரு வேன் பின்னால் வந்து அவளைத் தள்ளிவிட்டது. கை முறிந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தேன், அடித்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அக்கா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். எங்கெங்கோ விசாரித்து, காக்ளியர் இம்பிளான்ட் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியை வைத்து, அதிலிருந்து நூல் மாதிரி ஒரு கம்பியை உள்காதின் சுருளுக்குள் விடுவார்களாம். வெளியே மைக் வைத்த ஒரு மிஷின். அதன் வட்டமான முனை காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளுமாம்.

"எனக்கு என்ன குறை?" என்றாள் சின்னவள். "அந்த வேன்காரனுக்குத்தான் கண்ணு தெரியல. அவனுக்கு ஆபரேஷன் பண்ணச் சொல்லு."

அக்கா சிரிக்கவில்லை. உட்கார்ந்து, சின்னவளின் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, உதடு தெளிவாகத் தெரியும்படி சொன்னாள். "ஒவ்வொரு நாளும் நீ தெருவுல இறங்கினதுலேருந்து வீடு வர்ற வரைக்கும் என் உயிர் என்கிட்ட இல்ல. ஆறு மாசம் போட்டுப் பாரு. புடிக்கலைன்னா கழட்டி வச்சிடு. அதுக்கப்புறம் நான் அதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

வாயே திறக்க மாட்டேன் என்று அக்கா சொன்னால் திறக்க மாட்டாள். அது சின்னவளுக்குத் தெரியும். அதனால்தான் ஒப்புக்கொண்டாள்.

மிஷினைப் பொருத்தி ஓட்டிவிடும் அம்மாளுக்குச் சின்னவள் வைத்த பெயர் மிஷின் டாக்டர். அந்த அம்மாள் முதலிலேயே உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். சின்ன வயதில் வைத்திருந்தால் கதை வேறு. இத்தனை வருஷம் கழித்து வைப்பதால் பேச்சு வார்த்தை வார்த்தையாகப் புரியும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. சத்தம் வரும். அதை என்ன செய்வது என்று மூளைதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சத்தம் வந்தது. ஆபரேஷன் புண் ஆறி, முதல் நாள் மிஷினை ஓட்டிவிட்டதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சின்னவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சட்டைப் பைக்குள் வண்டு புகுந்த மாதிரி மண்டைக்குள் ஏதோ புகுந்து முட்டிக்கொண்டிருந்தது. அக்கா பேசினாலும் வண்டு, நாற்காலி நகர்ந்தாலும் வண்டு. போகப் போக வண்டுகளுக்குள் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. தன் செருப்பு ஒன்று, குழாய் ஒன்று. பிளாஸ்டிக் பைதான் மகா மோசம். இத்தனை காலம் சாதுவாக இருந்த பை, கையில் எடுத்ததும் சண்டைக்கு வந்தது.

இதில் எல்லோரும் பார்க்கும்போதெல்லாம் "கேக்குதா?" என்றார்கள். கேட்கிறது, எது கேட்கிறது என்பதுதான் தெரியவில்லை. சாயங்காலம் தலைவலியோடு வந்து மிஷினைக் கழற்றி வைத்ததும் பழைய அமைதி வந்து மூடிக்கொள்ளும். அந்த நிமிஷத்துக்காகவே நாள் முழுக்கக் காத்திருந்தாள். அக்கா அதைப் பார்த்தாள். அவள் முகம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் இறங்கிக்கொண்டே வந்தது.

ஐந்தாவது மாதம் மிஷின் டாக்டர் மெல்லிய சத்தங்களைக் கொஞ்சம் ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அந்தப் புதுத் தொல்லை ஆரம்பித்தது.

ஆறவைக்கும் அறையில், மத்தியான ரொட்டியை அடுக்கும்போது, மிஷினுக்குள் பொடிப்பொடியாக ஏதோ உடைந்தது. டிக், டிக்டிக், டிக். வண்டு இல்லை. ஊசி முனையால் கண்ணாடியைத் தட்டுகிற மாதிரி ரொம்பச் சன்னமாக, வரிசை இல்லாமல், விட்டு விட்டு. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். மறுநாள் அதே வேளைக்கு மறுபடி வரும். ஈரம் உள்ளே போனால் மிஷின் கரகரக்கும் என்று முதலிலேயே எச்சரித்திருந்தார்கள். அடுப்பு வேலை, ஆவி, மாவுத் தூசி. சரிதான், மிஷின் படுத்துவிட்டது என்று முடிவு கட்டினாள். தினமும் அதைக் காயவைக்கும் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். ஒன்றும் நடக்கவில்லை.

உள்ளதைச் சொன்னால் அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. எனக்குப் பிடிக்கவில்லை என்று அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். மிஷின் சரியில்லை என்று சொல்வது சுலபம். யார் மனதும் நோகாது. வருகிற சனிக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. அன்றைக்கு மத்தியானம் பேக்கரிக்கே வருவதாக அக்கா சொல்லியிருந்தாள். சின்னவள் என்ன முடிவு சொன்னாலும் அங்கேயே கேட்டுக்கொள்வாளாம்.

எதற்கும் இருக்கட்டும் என்று வியாழக்கிழமை மிஷின் டாக்டரிடம் போனாள். அந்த அம்மாள் கம்பியை மாட்டிச் சோதித்தாள், கழற்றிச் சோதித்தாள், மைக்கில் வருவதைத் தன் காதில் ஒரு இயர்போன் வைத்தும் சோதித்தாள்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"அப்போ யாரு டிக் டிக்குங்கறது?"

"வெளியிலேருந்து வர்ற சத்தமா இருக்கலாம்."

"அங்க சத்தம் போடுற சாமான் ஒண்ணும் இல்ல. ரொட்டிதான் இருக்கு."

மிஷின் டாக்டர் மிஷினை அவள் கையில் திருப்பி வைத்தாள். "கேட்டுப் பழகின எங்க காது பொல்லாதது" என்றாள் நிதானமாக, சின்னவள் உதட்டைப் படிக்க நேரம் கொடுத்து. "வர்ற சத்தத்துல பாதியை வாசல்லயே தடுத்து அனுப்பிடும். உங்களுக்கு இப்பதான் வாசலே திறந்திருக்கு, எல்லாரும் உள்ள வர்றாங்க. ஒண்ணு பண்ணுங்க. அடுத்த தடவை அது வரும்போது மைக்கை விரலால நல்லா மூடுங்க. அப்பவும் வந்தா மிஷின் கோளாறு, என்கிட்ட குடுத்திடுங்க. நின்னு போச்சுன்னா அது வெளியில இருக்கு. தேடிப் புடிங்க."

சனிக்கிழமை மத்தியானம். பின்ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் சாய்ந்து விழுந்திருந்தது. சூட்டை வெளியே தள்ளும் பெரிய விசிறி ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் மாவு பிசையும் மிஷின், அதற்கும் மேலே மாஸ்டரின் ரேடியோ. இவையெல்லாம் சின்னவளுக்கு ஒரே மந்தையாக இரைந்தன. முதல் தட்டு வந்தது. ரொட்டிகளை எடுத்துத் தலை உயரத்தில் இருந்த மேல்கம்பியில் அடுக்கினாள்.

டிக். டிக்டிக்.

கையைத் தூக்கி விரலால் மைக்கை மூடினாள். நின்றுவிட்டது.

விரலை எடுத்தாள். வந்தது. மூடினாள். நின்றது. விளக்கை அணைத்து அணைத்துப் போடும் விளையாட்டு மாதிரி நாலைந்து தடவை செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் விரலுக்குக் கட்டுப்பட்டது. அப்படியானால் இந்த அறைக்குள் ஏதோ இருக்கிறது.

தேட ஆரம்பித்தாள். குழல் விளக்கின் கீழே போய் நின்றாள், இல்லை. குழாயடி, இல்லை. எலி கிலி இருக்குமோ என்று மூலையில் குனிந்தாள், அங்கே மாவு மூட்டைதான் இருந்தது. விலகிப் போகப் போக அது மெலிந்தது. அலமாரிப் பக்கம் திரும்பினால் கூடியது. கம்பிதான் சூட்டில் முறுக்குகிறது என்று நினைத்து, ஒரே ஒரு ரொட்டியைத் துணியில் பிடித்து எடுத்துக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போனாள். மிஷின் இருந்த பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள்.

அவள் கைக்குள்ளேயே அது பேசிக்கொண்டிருந்தது.

சின்னவள் அப்படியே நின்றுவிட்டாள். ரொட்டியின் சிவந்த மேல்தோலில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு ஓடுவதைப் பார்த்தாள், அதே நொடியில் டிக் என்றது. பக்கத்தில் இன்னொரு வெடிப்பு, இன்னொரு டிக். கண்ணுக்குத் தெரிவதும் மண்டைக்குள் விழுவதும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. எத்தனை ஆயிரம் ரொட்டிகளை இந்தக் கையால் எடுத்து அடுக்கியிருப்பாள். ஒவ்வொன்றும் இப்படித்தான் அவள் முகத்துக்கு நேரே பேசிவிட்டுப் போயிருக்கிறது. வண்டு இல்லை, கோளாறு இல்லை, சத்தம். அழகான சத்தம். அழகு என்ற சொல்லை ஒரு சத்தத்துக்கு அவள் வைத்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் மாஸ்டர் சத்தம் போடாது என்றாரே. காது உள்ளவர் சொன்னது தப்பாகுமா? அந்தச் சந்தேகம் வந்ததும் ஓடினாள்.

"மாஸ்டர், ரொட்டி சத்தம் போடுது."

"போடாதும்மா."

"போடுது. எல்லாத்தையும் நிறுத்துங்க."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மாஸ்டர் மறுபேச்சுப் பேசவில்லை. மாவு மிஷினை நிறுத்தினார். விசிறியை நிறுத்தினார். பாட்டின் நடுவில் ரேடியோவின் கழுத்தைத் திருகினார். பின்னறைக்கு வந்து, உனக்காகத்தான் இதெல்லாம் என்கிற முகத்தோடு அலமாரிப் பக்கம் காதைச் சாய்த்தார்.

சின்னவள் அவர் முகத்தையே பார்த்தாள். முதலில் புருவம் சுருங்கியது. பிறகு கண்கள் ஒரு இடத்தில் நின்றன. கத்தரித்த மீசைக்குக் கீழே வாய் மெல்லத் திறந்தது. தலையிலிருந்த துணித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அடேயப்பா" என்றார். சத்தமில்லாமல் உதட்டால் மட்டும்தான் சொன்னார், அவளுக்கு அது போதும். பிறகு மேல்கம்பி ரொட்டியை உற்றுப் பார்த்து, "உள்ள சூடு, வெளியில குளிர்ச்சி. தோல் சுருங்கி வெடிக்குது போல. வெடிப்பைப் பாத்திருக்கேன். காது குடுத்துக் கேட்டதே இல்லம்மா. ரேடியோ பாடிக்கிட்டே இருக்குமே" என்றார். ரேடியோவை அவர் அப்புறம் போடவில்லை.

அக்கா தாமதமாக வந்தாள். அதற்குள் ரொட்டியெல்லாம் ஆறி வாயை மூடிக்கொண்டுவிட்டது. அக்கா வாசலில் நின்று, மிஷின் இன்னும் தங்கையின் காதில் இருப்பதைப் பார்த்தாள், பார்வையைச் சட்டென்று தாழ்த்திக்கொண்டாள். பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். மிஷின் வந்தபோது கூடவே வந்த பெட்டி. கழற்றி வைப்பதற்காகக் கொண்டுவந்திருக்கிறாள். திட்டவோ கெஞ்சவோ போவதில்லை என்று அந்தப் பெட்டியே சொன்னது.

"நீ சொல்லச் சங்கடப்படாத" என்றாள். "எனக்குத் தெரியும். குடு, வச்சிடலாம்."

"இரு. இன்னொரு தட்டு வரட்டும்."

"எதுக்கு? இழுத்துக்கிட்டே போனா ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

"அக்கா, இரு."

மாஸ்டர் அடுப்பைத் திறந்து அடுத்த தட்டை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். சின்னவள் அதிலிருந்து ஒரு ரொட்டியைத் துணியோடு எடுத்து அக்காவின் முன்னால் நீட்டினாள். உள்ளங்கையை விரித்துக் காதருகே வைத்தாள். புருவத்தை உயர்த்தினாள்.

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எத்தனை வருஷத்துக்கு முந்தைய விளையாட்டு. பழக்கத்தில் உதட்டைப் பிதுக்கினாள். போடாது.

சின்னவள் விடவில்லை. அக்காவின் பிடரியில் கை வைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டக் குனியவைக்கிற மாதிரி அழுத்திக் குனியவைத்து, காதை ரொட்டியின் பக்கத்தில் கொண்டுபோனாள். தன் மிஷின் பக்கத்தையும் மறுபுறமாகச் சாய்த்தாள். ரொட்டி நடுவில், இரண்டு தலைகள் இரண்டு பக்கம். விசிறி ஓடவில்லை, ரேடியோ பாடவில்லை. மாஸ்டர் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டிக் என்றபோது அக்காவின் இமை துடித்தது. அடுத்த டிக்கிலும் துடித்தது. தனக்குள் அது விழும் நொடியும் அக்காவின் இமை துடிக்கும் நொடியும் ஒன்று என்பதைச் சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து இத்தனை காலம் ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். இரண்டு பேரும் ஒரே சத்தத்தை ஒன்றாகக் கேட்பது இன்றைக்குத்தான்.

ரொட்டி ஓய்கிறவரை அக்கா நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது, அதில் கண்ணீர் கோடு போட்டிருந்தது.

"எனக்குத் தெரியாதே" என்றாள். "இப்படி இன்னும் எத்தனையைப் போடாதுன்னு சொல்லி வச்சேனோ."

பெட்டி இன்னும் அவள் கையில் இருந்தது. சின்னவள் அதை வாங்கித் திறந்து பார்த்தாள். ரொட்டியிலிருந்து உதிர்ந்த ஒரு மொறுமொறுத் துண்டை எடுத்து உள்ளே போட்டு, மூடி, அக்காவிடமே திருப்பிக் கொடுத்தாள். மிஷின் அவள் காதிலேயே இருந்தது.

அக்கா அந்த அறையைப் புதிதாக நுழைந்தவள் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மூட்டை, குழாய், கம்பி, எல்லாவற்றிலும் அவள் சந்தேகம் போய் வந்தது. கடைசியில் ஜன்னலுக்கு வந்தாள். வெயில் மாவுத் தூசியைக் கிளப்பிவிட்டுக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. அக்கா அதைக் காட்டினாள். தயங்கித் தயங்கி, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, உள்ளங்கையை விரித்துக் காதருகே வைத்துப் புருவத்தை உயர்த்தினாள்.

சின்னவள் உடனே உதட்டைப் பிதுக்கிவிடவில்லை. ஜன்னலுக்குப் போய், மிஷின் இருந்த பக்கத்தை வெயிலுக்குக் காட்டி நின்றாள்.

"இரு அக்கா" என்றாள். "கேட்டுட்டுச் சொல்றேன்."